முன்னவர் எடுத்த ரத்தம், பின்னவர் சுமந்த கேள்வி

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் சுபாய் என்றொரு சிற்றூர். சாலை கிடையாது, தபால்கூடக் கோவேறு கழுதை முதுகில்தான் இறங்குகிறது. அங்கு வாழும் ஹவசுபாய் பழங்குடியினரைச் சர்க்கரை நோய் வாட்டி எடுத்தது. 1990-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணம் கண்டுபிடிக்கலாம் என்று வர, மக்கள் நம்பி ரத்தம் கொடுத்தார்கள்.

2003-இல் அந்த இனத்தைச் சேர்ந்த கார்லெட்டா டிலூசி, அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட மாணவரின் ஆய்வுரையைக் கேட்கப் போனார். பேசப்பட்டது தம் மக்களின் மரபணு. சர்க்கரை நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். உரை நின்றது. அந்த அத்தியாயத்தையே ஆய்வேட்டிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.

ஒப்புதல் படிவத்தில் நடத்தை, மருத்துவக் கோளாறுகள் என்று பொதுவாக எழுதியிருந்தது. ஊர் காதில் விழுந்ததோ சர்க்கரை நோய் ஒன்றுதான். மனச்சிதைவு, இனத்தின் இடப்பெயர்வு என்று ஆய்வு எங்கெங்கோ போயிருந்தது. பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்று நம்பும் மக்களுக்கு, ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் ரத்தத்தை வைத்தே சொல்வது எப்படி இருந்திருக்கும்! பல்கலைக்கழகத்தின் மீது அவர்கள் தொடுத்த வழக்கு 2010-இல் சமரசமானது: 41 பேருக்கு 7 லட்சம் டாலர், மிஞ்சிய ரத்தமும் ஊருக்குத் திரும்பியது.

எனக்கு அந்த மாணவரின் நிலைதான் மனதை உறுத்துகிறது. ரத்தம் எடுத்துப் பத்தாண்டுக்குப் பிறகு, குளிர்பெட்டியில் இருந்ததை வைத்து வேலை செய்தவர். ஊருக்குள் நுழையும் இளம் ஆய்வாளர் எவருக்கும் இதே கதிதான். முன்னே வந்துபோனவர்கள் கொடுத்த வாக்கை ஊர் மறந்திருக்காது. பதில் சொல்ல வேண்டியவர் இவர். மக்களோடு பழகி நம்பிக்கை பெற ஓராண்டு போதாது. உதவித்தொகையோ மாதம் எண்ணிக்கொண்டிருக்கும். வழிகாட்டி கேட்பது கட்டுரை எங்கே என்றுதான்.

தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-இல் தாங்களே ஆய்வு நெறிமுறை வகுத்தார்கள். ஆய்வின் திட்டத்தை முதலில் எங்களிடம் காட்டு, வெளியிடும் முன்பும் காட்டு என்கிறார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் திட்டம் எழுதும் முன்பே நாலு தடவை ஊருக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேருந்துச் செலவுக்கும் நாட்களுக்கும் பல உதவித்தொகைகளில் இடமே இருப்பதில்லை.