"பாட்டிக்கு மறதி, எதையாவது சொல்வாங்க!" - இப்படிக் கடந்துபோறதுல இருக்கிற ஆபத்து

"இந்தப் பொண்ணு என்னை அடிக்கிறா" என்று வீடியோ காலில் பாட்டி சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் உதவியாளர் சிரித்துக்கொண்டே, "பாட்டி இப்படித்தான்... நேத்து உங்களையே யாருன்னு கேட்டாங்க" என்கிறார். நாமும் சிரிச்சுட்டு போனை வெச்சுடுவோம். டிமென்ஷியா எனும் மறதி நோய் வந்த முதியவர்களுக்கு நடக்கும் கொடுமை பெரும்பாலும் இந்தச் சிரிப்பிலேயே அமுங்கிப்போயிடுது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்கிறது 2023-ல் வெளியான ஓர் ஆய்வு. பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்க, ஊரில் பாட்டியும் 24 மணி நேர ஹோம் நர்ஸும் மட்டும் இருக்கும் வீடுகள் இப்போ சகஜம். அந்த வேலைக்கு வர்றவங்களில் பலர் சொந்தப் பிள்ளைகளைவிடப் பொறுமையானவங்க. கொடுமை செய்பவர் சம்பளத்துக்கு வந்தவராத்தான் இருக்கணும்னும் இல்லை. மகன், மகள், மருமகள், ஏன்... 50 வருஷம் கூடவே வாழ்ந்த துணையாகவும் இருக்கலாம்.

அடிச்சாதான் கொடுமையா?

கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டிப்போடுவது, அறையில் வைத்துப் பூட்டுவது, 'ஹோம்ல விட்டுடுவேன்' என்று மிரட்டுவது, வெற்றுத்தாளில் கைரேகை வாங்குவது எல்லாமே கொடுமைதான்.

வெளியே தெரியாத சிலதும் உண்டு. அடிக்கடி டயப்பர் மாத்தணுமேன்னு தண்ணீரைக் குறைச்சுடுவாங்க. உடம்பில் நீர் குறைந்தால், சிறுநீர்த்தொற்று வந்தால், குழப்பம் திடீரென அதிகமாகும். வீட்டில் உள்ளவங்க 'நோய் முத்திடுச்சு' என்று நினைச்சுக்குவாங்க. இன்னொன்று, ராத்திரி தொந்தரவு பண்ணாம இருக்கக் கூடுதலாகக் கொடுக்கும் மாத்திரை. டிமென்ஷியா உள்ளவங்களை அமைதிப்படுத்தத் தரும் சில மனநல மருந்துகள் பக்கவாதம், உயிரிழப்பு அபாயத்தை அதிகரிக்கும். டாக்டர் சொன்ன அளவைத் தாண்டி ஒரு மாத்திரைகூடத் தரக் கூடாது. மாதம் ஒருமுறை அட்டையில் மீதி எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

'வளையலைக் காணோம்'னு சொன்னா நம்பலாமா?

சிக்கலே இங்கேதான். பொருளை எங்கேயோ ஒளிச்சு வெச்சுட்டு, அதை மறந்து, பக்கத்தில் இருப்பவர் திருடிட்டார்னு நம்புவது இந்த நோயின் சாதாரண அறிகுறி. அதனால், சொன்னதும் உதவியாளர் மேல் பாய்வது அநியாயம். மறதிதானேன்னு ஒதுக்குவதும் அதே அளவு அநியாயம், ஏன்னா நிஜமான திருட்டும் நடக்கிறது. உதவியாளர் வேலையில் சேரும் நாளிலேயே அவர் முன்னாலேயே நகைகளை போட்டோ எடுத்து, லாக்கரில் வெச்சுடுங்க. பாட்டிக்கும் பாதுகாப்பு, அவருக்கும் வீண்பழி இல்லை.

அடி விஷயத்தில் பாட்டியின் வார்த்தையோடு உடம்பையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கணும். நடந்தது மறந்துபோனாலும் அதனால் வந்த உணர்வு தங்கும் என்று அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளே காட்டியிருக்கு. குறிப்பிட்ட ஒருவர் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துகிறாரா, கை ஓங்காமலேயே முகத்தை மறைக்கிறாரா? குளிக்க மறுப்பது நோயாலும் வரும். ஆனால், ஒருவர் கூப்பிட்டால் மட்டும் மறுத்தால் யோசிக்கணும். மேல்கையின் உட்புறம் விரல் பதிந்த மாதிரி கன்றல், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சுற்றிலும் தடம், திடீர் எடைக் குறைவு... இதெல்லாம் தெரிந்தால் தேதியோடு போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்க. வயதானவர்களின் தோல் மெலிசு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தால் லேசா இடிச்சாலே கன்றும். அதை டாக்டர்தான் பிரிச்சுச் சொல்லணும்.

கேட்கும் விதமும் முக்கியம். "அடிச்சாங்களா?" என்றால் 'ஆமாம்' என்று சொல்லிடலாம். "இன்னைக்கு என்ன பாட்டி நடந்துச்சு?" என்று தனியாக உட்கார்ந்து கேளுங்க.

கேமரா வைக்கலாம்தான். உதவியாளரிடம் சொல்லிவிட்டு, ஹாலிலும் படுக்கை பக்கத்திலும் போதும், குளியலறையில் கூடாது. என்னைக் கேட்டால், கேமராவைவிட நேரம் சொல்லாமல் வந்து எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அத்தை மேல். வேலைக்கு எடுக்கும்போது தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அப்புறம், ராத்திரி மூணு மணிக்கு எழுந்து 'வீட்டுக்குப் போகணும்' என்று கதவைத் தட்டும் ஒருவரை, ஒரே ஆள் மாசம் முழுக்கத் தூங்காமல் பார்த்துக்க முடியாது. அது மருமகளா இருந்தாலும் நர்ஸா இருந்தாலும் வார விடுமுறையும், மாத்திவிட இன்னொரு ஆளும் வேணும். பல வீடுகளில் முதல் அறை விழுவது இந்தக் களைப்பில்தான்.

பணத்துக்கு வருவோம். பாட்டியின் வங்கிக் கணக்கு எஸ்.எம்.எஸ் யார் போனுக்குப் போகுதுன்னு பாருங்க. சொத்துப் பத்திரம், அதிகாரப் பத்திரம் பற்றியெல்லாம் நோயின் ஆரம்பத்திலேயே, அவர் தெளிவா இருக்கும்போதே பேசி முடிக்கணும். 'கவனிச்சுக்கணும்' என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிட்டு கைவிட்டால், 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய முடியும். பொறுப்பில் உள்ளவர் முதியவரை எங்கேயாவது விட்டுட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கலாம். பராமரிப்பு கேட்டு ஆர்.டி.ஓ தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். தானாக மனு கொடுக்க முடியாதவருக்காக அவர் அனுமதித்த வேறொருவர் கொடுக்கலாம், தீர்ப்பாயம் தானாகவும் விசாரிக்கலாம்.

முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

சந்தேகம் உறுதியாச்சுன்னா போனில் அந்த உதவியாளரைத் திட்ட ஆரம்பிச்சுடாதீங்க. நீங்க போய்ச் சேரும் வரை பாட்டி அவரோடுதான் தனியா இருக்கணும். முதலில் உள்ளூரில் இருக்கும் சித்தப்பாவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அங்கே அனுப்புங்க. அவங்க பாட்டி பக்கத்தில் உட்கார்ந்த பிறகு பேச்சை ஆரம்பிங்க.