வேனின் 'மூளை' பழுதா? பணப்பையைத் திறக்கும் முன் பெட்டியைச் சோதியுங்கள்

வியாபாரிக்கு வேன் என்பது வெறும் வாகனமல்ல. கடை ஓர் இடத்தில் நிற்கும். வேன்தான் ஓடியோடிச் சம்பாதிக்கும். அந்த வேன் ஒரு நாள் வீதியோரத்தில் நின்றுவிட்டால் எமது வியாபாரமும் அதோடு நின்றுவிடுகிறது. "கம்பியூட்டர் பெட்டி போய்விட்டது" என்று கராஜில் ஒருவர் சொல்லிவிட்டால், அது உண்மையா பொய்யா என்று கேட்கக்கூட எம்மில் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அறியாமைக்கு நான் கொடுத்த விலையைச் சகோதர வியாபாரிகள் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வண்ணாத்திவில்லிலிருந்து மீனும் இறாலும் கொள்வனவு செய்து பேலியகொடை மத்திய மீன் சந்தைக்கு அனுப்புபவன். கரைத்தீவுப் பக்கத்துத் தோணிக்காரர்கள் என்னை நம்பிக் கடனுக்குச் சரக்குத் தருவார்கள். சந்தையில் விற்று மறுநாள் அவர்களுடைய பணத்தைக் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு ஓர் இரவு, ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டு ஏற்றி முடித்து, ஒரு மணியளவில் சுவிட்சைப் போட்டால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. ஹையேஸ் கே.டீ.எச். வேன். பத்துத் தடவை முயன்றும் பயனில்லை. விடியும்போது பாதி ஐஸ் தண்ணீராகிவிட்டது. கூலிக்கு லொறி பிடித்து அனுப்பினோம். சந்தை கூடி முடிந்த பிறகே சரக்குப் போய்ச் சேர்ந்தது. கிடைத்த விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தோணிக்காரர்களுக்கு என் கையிலிருந்துதான் கொடுத்தேன். அவர்களுடைய மீன் கெட்டதற்கு அவர்கள் பொறுப்பில்லையே.

பெட்டி வாங்கிய கதை

வேனை இழுத்துக்கொண்டு போய் ஒரு கராஜில் விட்டோம். ஸ்கேன் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். கருவி வேனோடு பேசவில்லை. சுவிட்சைப் போட்டாலும் 'செக் எஞ்சின்' லைட் எரியவில்லை. "ஈ.சீ.யூ. செத்துவிட்டது, வேறு போட வேண்டும்" என்று ஐந்து நிமிடத்தில் முடிவு சொன்னார்கள்.

அந்த நாட்களில் வேனை விற்று வேறொன்று வாங்கவும் வழியில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறந்தது. இருந்த பழைய வேன்களின் விலை வானத்தில் நின்றது. ஆகவே கொழும்புக்குப் போய், ஒரு பாட்ஸ் கடையில் 65,000 ரூபாவுக்குப் பாவித்த பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். "எலெக்ட்ரொனிக் சாமான் திருப்பி எடுக்கமாட்டோம்" என்று சொல்லித்தான் தந்தார்கள். துண்டுகூடத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பெட்டியைப் பொருத்தினார்கள். வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. லைட்டும் எரியவில்லை. "இந்தப் பெட்டியும் சரியில்லை, வேறொன்று கொண்டு வாருங்கள்" என்றார்கள்.

அப்போதுதான் புத்தளத்தில் வாகன மின் வேலை செய்யும் ஓர் இளைஞரை ஒரு நண்பர் அழைத்து வந்தார். அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நானா, ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரியா சாகும்? பெட்டியில இல்ல, பெட்டிக்கு வெளியில ஏதோ இருக்கு."

அவர் கண்டுபிடித்ததைச் சொல்லும் முன், இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

ஈ.சீ.யூ. என்றால் என்ன?

எமது பழைய 'டொல்பின்' வேன்களின் டீசல் எஞ்சின்களில் கம்பியூட்டருக்குப் பெரிய வேலை இல்லை. பம்ப் தானாகவே டீசலை அளந்து அடிக்கும். பம்ப், நொசில், பில்டர் என்று மூன்றைப் பார்த்தால் பெரும்பாலான கோளாறு பிடிபட்டுவிடும்.

'கொமன் ரெயில்' முறை வந்த பிறகு நிலைமை மாறியது. ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1995இல் ஹினோ லொறியில் இதை அறிமுகப்படுத்தியது. ஐரோப்பாவில் 1997இல் கார்களுக்கும் வந்தது. டொயோட்டா டீ-4டீ எஞ்சின்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இதில் பம்பின் வேலை, ஒரு பொதுக் குழாயில் டீசலை ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் தேக்கி வைப்பது மட்டுமே. எந்த சிலிண்டருக்கு, எந்தக் கணத்தில், எவ்வளவு டீசல் என்பதை ஈ.சீ.யூ. தீர்மானிக்கிறது. கிரேங்க் சென்சர், அமுக்க சென்சர், வெப்ப சென்சர், எக்சிலேட்டர் பெடல் சென்சர் ஆகியவை அதற்குச் செய்தி கொண்டு வருகின்றன. அது கணக்குப் போட்டு இன்ஜெக்டர்களுக்கு உத்தரவு கொடுக்கிறது. சில மாடல்களில் அந்த உத்தரவைப் பலமான மின்சாரமாக மாற்ற ஈ.டீ.யூ. என்ற இன்னொரு பெட்டியும் உண்டு. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். சென்சர்கள் பலவற்றுக்கு ஈ.சீ.யூ. தன்னிடமிருந்தே 5 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. பல சென்சர்கள் அந்த ஒரே 5 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனால் அந்த 5 வோல்ட் முழுவதும் விழுந்துவிடும். டொயோட்டா வேன்களில் அப்படி விழுந்தால் ஈ.சீ.யூ.வின் மூளையே உறங்கிவிடுகிறது. லைட் எரியாது, ஸ்கேன் கருவியும் பேசாது, எஞ்சினும் பிடிக்காது. செத்த பெட்டிக்கும் உறங்கிய பெட்டிக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

கண்டுபிடித்த விதம்

அந்த இளைஞர் முதலில் மல்டிமீட்டரை எடுத்தார். பட்டரி, பியூஸ்கள், ஈ.சீ.யூ.வுக்கு வரும் 12 வோல்ட், பொடி ஏர்த் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு எக்சிலேட்டர் பெடல் சென்சரின் பிளக்கில் 5 வோல்ட் வயரை அளந்தார். மீட்டர் பூச்சியத்தைக் காட்டியது. சுவிட்சை நிறுத்துவதும், ஒரு சென்சரின் பிளக்கைக் கழற்றுவதும், மீண்டும் சுவிட்சைப் போட்டு லைட்டைப் பார்ப்பதுமாக ஒவ்வொன்றாகச் சோதித்தார். நான்காவதாக, காற்று அமுக்க சென்சரின் பிளக்கைக் கழற்றியதும் 'செக் எஞ்சின்' லைட் எரிந்தது. ஸ்கேன் கருவியும் பேசத் தொடங்கியது.

அந்தப் பிளக்கின் உள்ளே பச்சைக் களிம்பு. ஹையேஸில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர், கடற்காற்று, மழைக் காலத்தில் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் பாயும் கலா ஓயா வெள்ளம் என எமது பிரதேசத்தில் இந்தப் பிளக்குகளுக்கு எதிரிகள் அதிகம். எனது பழைய பெட்டியையே திரும்பப் போட்டு, சென்சரை மாற்றி, பிளக்கைச் சுத்தம் செய்தோம். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. சென்சருக்கும் கூலிக்கும் ஆன செலவு, நான் வீணாக வாங்கிய பெட்டியின் விலையில் கால்வாசியும் வராது.

எந்த ஒழுங்கில் சோதிக்க வேண்டும்?

கராஜில் நின்று நீங்களே கேட்டுச் செய்விக்கக்கூடிய ஒழுங்கு இது:

1. பட்டரி. ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் சுற்றும்போது 10க்குக் கீழே விழுந்தால் முதலில் பட்டரியைப் பாருங்கள். மின்சாரம் குறைந்தாலே ஈ.சீ.யூ. தடுமாறும்.

2. பியூஸ், ரிலே, ஏர்த். ஈ.சீ.யூ.வுக்கு வரும் எல்லா மின்சார வயர்களையும், போகும் எல்லா ஏர்த் வயர்களையும் அளக்க வேண்டும். துரு ஏறிய ஏர்த் ஒன்று போதும், நல்ல பெட்டியைக் கெட்ட பெட்டி போலக் காட்ட.

3. 'செக் எஞ்சின்' லைட். சுவிட்சைப் போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் மேலே சொன்ன 5 வோல்ட் சோதனை கட்டாயம்.

4. ஸ்கேன் இலக்கம். பீ 0335 என்பது கிரேங்க் சென்சர் வழியில் கோளாறு, பீ 0087 என்பது ரெயில் அமுக்கம் குறைவு, பீ 0606 என்பது ஈ.சீ.யூ.வின் உள்மூளையில் கோளாறு, யூ 0100 என்பது ஈ.சீ.யூ.வோடு தொடர்பு இல்லை என்று பொருள். இலக்கம் தீர்ப்பல்ல, சாட்சி மட்டுமே. அமுக்கக் குறைவு அடைபட்ட பில்டராலும் வரலாம். தொடர்பு இல்லாமை அறுந்த வயராலும் வரலாம்.

5. கடைசியாகவே பெட்டி. மின்சாரமும் ஏர்த்தும் சரியாக இருந்து, சென்சர்கள் அனைத்தையும் கழற்றிய பின்பும் வயர்களில் ஷோர்ட் இல்லை என்று உறுதியான பின்பும் 5 வோல்ட் வராவிட்டால், அப்போது பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

பெட்டி உண்மையிலேயே போனால்

பெட்டி சாகவே சாகாது என்று நான் சொல்ல வரவில்லை. எனது உறவினர் ஒருவருடைய வேனுக்கு, டிராக்டர் பட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது வயரை மாற்றிப் பிடித்துவிட்டார்கள். பெரிய பியூஸ் போனது. அதை மாற்றியும் வேன் எழும்பவில்லை. பெட்டியைத் திறந்தபோது கருகிய வாடை வந்தது. பட்டரியைக் கழற்றாமல் பொடியில் வெல்டிங் செய்வதும், பெட்டிக்குள் தண்ணீர் போவதும், ஓல்டர்னேட்டர் பழுதாகி 15 வோல்டுக்கு மேல் அடிப்பதும் இதே நாசத்தைச் செய்யும்.

மாற்றுவதானால் இவற்றைக் கவனியுங்கள். பெட்டியின் மேலுள்ள பாக இலக்கம் முழுவதும் ஒத்திருக்க வேண்டும். டொயோட்டாவில் எஞ்சின் ஈ.சீ.யூ. இலக்கம் 89661 என்றும் ஈ.டீ.யூ. 89871 என்றும் தொடங்கும். அதற்குப் பின்னால் வரும் ஐந்து எழுத்து இலக்கங்கள்தான் மாடலைச் சொல்கின்றன. முன்பாதி மட்டும் ஒத்திருந்தால் போதாது.

இம்மொபிலைசர் உள்ள வேனில் வேறு பெட்டி உங்கள் சாவியை ஏற்காது. சாவியைப் பதிய வேண்டும், அல்லது பழைய பெட்டியின் தரவை புதியதற்குப் பிரதி செய்ய வேண்டும். பல எஞ்சின்களில் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் மேலே அச்சிட்ட திருத்த இலக்கம் உண்டு. அதையும் புதிய பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் குலுங்கும், புகைக்கும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். ஆகவே பழைய பெட்டியை எறிந்துவிடவோ கராஜில் விட்டுவரவோ வேண்டாம். அதனுள்ளேதான் உங்கள் வேனின் விபரங்கள் இருக்கின்றன. திறமையான ஒருவர் அதன் பலகையைத் திருத்திக் கொடுக்கவும் கூடும். எனது உறவினரின் வேன் அப்படித்தான் எழும்பியது. இலக்கம் ஒத்த பெட்டிக்குப் பழையதன் தரவை மாற்றினார்கள். கழற்றும்போதும் பூட்டும்போதும் பட்டரி வயர் கழற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும்

எமது சமூகத்தில் பாட்ஸ் வியாபாரம் செய்வோரும் கராஜ் நடத்துவோரும் ஏராளம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்து வைத்திருந்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. சோதிக்காத பெட்டியை 'ஓடிய பெட்டி' என்று விற்பதும் அந்தக் குவியலைப் போன்றதுதான். குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பும் உரிமையை, கியாருல் ஐப் என்று, மார்க்கச் சட்டம் வாங்குபவருக்கு வழங்கியிருக்கிறது. நாட்டுச் சட்டத்திலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. ஆனால் கையில் துண்டு இல்லாதவன் எதை வைத்துப் பேசுவான்? என்னால் பேச முடியவில்லை.

வாங்கும்போது பாக இலக்கம், திகதி, இத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்ற நிபந்தனை ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு எமக்குக் கட்டளை இருக்கும்போது, துண்டு கேட்பதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? சோதனைக் கூலியைத் தனியாகக் கொடுக்கவும் தயங்காதீர்கள். சோதிப்பதற்குக் கூலி கொடுக்காவிட்டால், பொருளை மாற்றினால்தான் பாஸுக்கு வருமானம் என்றாகிவிடும். பிறகு அவர் மாற்றிக்கொண்டே இருப்பார்.

இப்போது மீன் பெட்டிகளுக்குக் கீழே தகரத் தட்டு வைத்து, தண்ணீர் பின்பக்கமாக வெளியே வடியச் செய்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முன் சீட்டைத் தூக்கி, பிளக்குகளைத் துடைத்துப் பார்க்கிறோம். அரை நாள் வேலைதான். நான் வாங்கிய அந்தப் பெட்டி இன்னமும் கடையின் மேல் தட்டில் இருக்கிறது. கேட்காமல் வாங்கியதன் அடையாளமாக அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எமது உழைப்பிலும் கொடுக்கல் வாங்கலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.