உப்பளக் காற்றில் கூடாரம் நிற்பது எப்படி?

நான்கு பருவக் கூடாரம் என்பது பனிச்சுமையையும் பலத்த காற்றையும் தாங்குமாறு, குறுக்கிட்டு வளையும் கூடுதல் கழிகளோடு அமைவது. பனியே பெய்யாத மரக்காணம் உப்பளக் கரையில் அதன் தேவை முழுவதும் காற்றையே சார்ந்தது. காற்றழுத்தம் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், மணிக்கு 60 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 17 கிலோ எடையளவுக்குத் தள்ளினால், 120 கி.மீ. காற்று 70 கிலோ அளவுக்குத் தள்ளும். 2020 நவம்பரில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நிவர் புயலின் வேகம் இத்தகையது. புயல் எச்சரிக்கை வந்தபின் எந்தக் கூடாரத்தையும் நம்பாமல் வெளியேறுவதே முறை.

மற்ற நாள்களுக்கான வடிவத்தை, மழைக்கு முன் பனையோலை வேய்ந்து மூடப்படும் உப்புக் குவியலே காட்டுகிறது: சரிந்த பக்கங்களில் காற்று மோதி நிற்காமல் ஏறிக் கடக்கிறது. ஆயினும் கூடாரத்தின் உச்சியைக் கடக்கும் காற்று விரைவதால் அங்கு அழுத்தம் குறைந்து துணி மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. அதனைத் தடுப்பவை இழுகயிறுகளே. நனைந்த உப்பளக் களியில் மெல்லிய முளை விரலால் இழுத்தாலே வழுக்கி வெளிவரும் என்பதால், மணல் நிரப்பிய சாக்கைப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுவது பாதுகாப்பானது. கூடார ஜிப்பில் படிந்த உப்பு இரவு ஈரத்தை உறிஞ்சி அதனை அரிக்குமாதலால், ஜிப்பை நாள்தோறும் நன்னீரில் கழுவுதல் வேண்டும்.