கையெழுத்துக்கு முன் கொடுத்த பணம்

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டு முன்பணம் என்பது பழக்கமில்லாத ஒன்று. வேலை இருக்கும் வரை வீடும் இருந்தது. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. அது வேறு துன்பம். ஆனால் குடியேறும் முன்பே பணத்தைக் கட்டு என்று எவரும் கேட்டதில்லை. 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியது. அது முதல் செபராங் பிறை, கெடா தோட்டங்களின் பிள்ளைகள் தொழிற்சாலை வேலை தேடித் தீவுக்கு வந்த வண்ணம் இருக்கிறார்கள். சம்பளம் கைக்கு வருமுன்னே அவர்கள் சந்திக்கும் பெரிய செலவு இந்த முன்பணம்தான்.

மாத வாடகை 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி இரண்டு மாத வாடகை பாதுகாப்புப் பணம், 1,200. தண்ணீர், மின்சாரத்திற்கு அரை மாதம், 300. முதல் மாத வாடகை 600. ஆக 2,100 வெள்ளி. இது சந்தை வழக்கமே தவிரச் சட்டம் விதித்த கணக்கன்று. பேசிக் குறைக்க இடமுண்டு.

இன்று நாம் பேச வந்தது இதற்கும் முந்திய பணத்தைப் பற்றி. வீட்டைப் பார்த்தவுடன், "இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், ஒரு மாதப் பணத்தை வைத்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். இதைத்தான் புக்கிங் பணம் என்கிறார்கள். பிறகு வேலை கிடைக்காமல் போகலாம். வீட்டுக்காரரே மனம் மாறலாம். அப்போது அந்த 600 வெள்ளி திரும்பி வருமா?

"நாம்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லையே, கொடுத்துத்தானே ஆக வேண்டும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இது பாதிதான் சரி. நமது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம். எந்த வீடு, என்ன வாடகை, எந்தத் தேதி முதல் என்று இருவரும் ஒத்துக்கொண்டு பணமும் கைமாறிவிட்டால், ஒப்பந்தம் பிறந்துவிட்டது என்று நீதிமன்றம் கருத இடமுண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் சாட்சியாகும்.

ஜொகூரில் நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். வாடகை வழக்கன்று, வீடு வாங்கிய வழக்கு. ஒருவர் முன்பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டுப் பணம் கட்டினார். முறையான ஒப்பந்தம் போடுவதற்குள் மேம்பாட்டு நிறுவனம் விலையை ஏற்றியது. வழக்கு, அந்நாளில் நமக்கு மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அந்த முன்பதிவுப் படிவமே இருதரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்று தீர்ப்பாயிற்று. 1981-இல் சட்ட அறிக்கைகளில் வெளிவந்தது. வாங்கியவருக்கு அது நன்மையாக முடிந்தது. ஆனால் அதே கத்தி மறுபக்கமும் வெட்டும்: அப்படியொரு சீட்டில் கையெழுத்திட்டுவிட்டு நாமே பின்வாங்கினால், நம் பணம் ஆபத்தில் இருக்கும்.

ஆகவே யார் பின்வாங்கினார் என்பதே முதல் கேள்வி. வீட்டுக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர் நீட்டும் ஒப்பந்தத்தில், முன்பு பேசாத புது நிபந்தனை இருந்தால், உதாரணமாக வாடகை 700 என்று இருந்தால், நாம் மறுப்பது பின்வாங்குவதாகாது. நாமே காரணமின்றி விலகினால்தான் சிக்கல். அப்போதும் வீட்டுக்காரர் விருப்பம் போல் அள்ளிக்கொள்ள முடியாது. அச்சட்டத்தின் 75ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கே இடம் தருகிறது; முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதும் இந்த அளவுக்கு உட்பட்டதே என்று 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. ஆனால் பிடித்தது அளவுக்கு மீறியது என்று காட்டும் பொறுப்பு விலகியவர் தலையில்தான் விழுகிறது.

இங்கிலாந்தில் 2019-இல் வந்த சட்டம், இத்தகைய பிடிப்புப் பணம் ஒரு வார வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை வகுத்தது. நமக்கு அப்படி ஒரு கோடு கிழித்துத் தரப்படவில்லை. ஜார்ஜ்டவுன் பட்டணத்துப் பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடும் 1999 முடிவோடு போயிற்று. எனவே நம் கையிலுள்ள ரசீதுதான் நமக்குக் காவல்.

அந்த ரசீதில் என்ன இருக்க வேண்டும்? பணம் வாங்கியவர் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, தொகை, தேதி. இவற்றோடு மூன்று வரிகள்: இப்பணம் வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை வைத்திருக்கும் பணம், இன்ன தேதிக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் இத்தனை நாளில் முழுவதும் திருப்பித் தரப்படும், கையெழுத்தானால் முதல் மாத வாடகையில் கழிக்கப்படும். மலாய் மொழியில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். வீடு நல்ல வீடாகவே இருக்கட்டும், பரவாயில்லை.

வீடு உண்மையில் அவருடையதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். மாநகராட்சி மன்றத்தின் மதிப்பீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. தரகர் வந்தால் அவருடைய பதிவு எண் கொண்ட அடையாள வில்லையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடாமல், பதிவு பெற்ற நிறுவனத்தின் கணக்கிலேயே போட வேண்டும்.

எல்லாம் செய்தும் பணம் வராவிட்டால், முதலில் ஒரு கடிதம்: தொகை, தேதி, காரணம், 14 நாள் தவணை. பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு இந்த வழி உண்டு. பாரம் 198-ஐ நிரப்ப வேண்டும். இரு தரப்பும் வழக்கறிஞர் இன்றித் தாமே பேச வேண்டும். வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. தீவிலுள்ளவர்கள் லைட் சாலை நீதிமன்ற வளாகத்திலும், பெருநிலத்தில் இருப்பவர்கள் பட்டர்வொர்த் அல்லது புக்கிட் மெர்தாஜாம் நீதிமன்றத்திலும் விசாரிக்கலாம். பாரம் நிரப்பத் தயக்கமாக இருந்தால், பள்ளியில் படிக்கும் பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள். ரசீதையும் கடித நகலையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.