வேறை வீட்டுக்குப் போறியளோ?

"திங்கள் தொடக்கம் வீட்டுக்கு மாறுறம்." குசினி மேசையில் இருந்தபடி வேலைக் கூட்டத்தில் நான் சொன்னது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. "ஏன் பிள்ளை, மில்லிக்கனை விட்டு எங்கை போகப்போறியள்?" என்று பதறிப்போனார்.

நான் சொன்னது 'வீட்' என்ற கருவியை. நாங்கள் எழுதும் கோட் ஃபைல்களைச் சேர்த்து, பிரவுசரில் ஓடக்கூடியதாக்கித் தருவது அது. இவான் யூ 2020இல் வெளியிட்டது. "பிரெஞ்சில வீட் எண்டா கெதியா எண்டு அர்த்தம், அம்மம்மா" என்று மகள் விளங்கப்படுத்தினாள்.

கெதிதான். நாங்கள் முன்பு பாவித்த வெப்பேக், எல்லா ஃபைலையும் கட்டி முடித்த பிறகுதான் பக்கத்தைக் காட்டும். வீட், நாங்கள் எழுதிப் பார்க்கும்போது, பிரவுசர் கேட்கிற ஃபைலை மட்டும் கேட்கிற நேரம் கொடுக்கும். எல்லாக் கறியும் இறக்கின பிறகு இலை போடுவதற்கும், வந்தவருக்கு வந்தவுடன் தோசை சுட்டுக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

மாறுவதுதான் கெதியாக நடக்கவில்லை. எங்கள் பழைய கொன்ஃபிக் ஃபைலில் ஆறு வருஷமாக ஆளாளுக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஏன் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. எழுதினவர்களும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். தேவையில்லை என்று நான் விட்ட ஒரு வரியால், வாடிக்கையாளர்களின் பழைய டேப்லெட்களில் பக்கம் திறக்கவே இல்லை. வெட்கத்தோடு வெப்பேக்குக்கே திரும்பினோம். பிறகு மூன்று கிழமை இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் காரணம் தேடி எழுதினோம். அதற்குப் பிறகுதான் பழையதை நிறுத்தினோம்.

அந்தக் கிழமை அம்மா ஒடியல் கூழ் காய்ச்சினார். "எவ்வளவு பழப்புளி அம்மா?"

"அதெல்லாம் கண்ணளவுதான் பிள்ளை."

எனக்குச் சுருக்கென்றது. இதுவும் காரணம் எழுதாத ஃபைல்தானே. அம்மாவுக்கு வயது 78. இங்கே வளர்ந்த எனக்குக் குடிக்கத்தான் தெரியும், காய்ச்சத் தெரியாது.

மகளைக் கொப்பியோடு பக்கத்தில் இருத்தினேன். அம்மாவின் கையில் இருப்பது சட்டிக்குள் விழுமுன் அவள் அளந்து எழுதினாள். "மாவை ஏன் ஊறவைக்கிறீங்கள், அம்மம்மா?"

"கைப்புப் போகத்தான், குஞ்சு."

அதையும் எழுதினாள். உங்கள் வீட்டிலும் கண்ணளவுக்காரர் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிறு பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு என்பதோடு, ஏன் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.