கோடுகளைப் படிக்கும் கருவி

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பெரிய மளிகைக் கடைக்குப் போனால் இதைக் கவனித்திருப்பீர்கள். பில் போடுபவர் ஒரு கைக்கருவியைப் பொட்டலத்தின் மேல் காட்டுகிறார். ‘பீப்’ என்று ஓர் ஒலி. உடனே பொருளின் பெயரும் விலையும் கணிப்பொறித் திரையில் தோன்றுகின்றன. அப்படியானால் பொட்டலத்திலுள்ள கோடுகளில் விலை எழுதப்பட்டிருக்கிறதா? இல்லை. அவற்றில் இருப்பது வெறும் எண். பெயரையும் விலையையும் கடைக் கணிப்பொறிதான் தன் பட்டியலில் தேடி எடுக்கிறது.

கருவி வீசும் ஒளியைக் கருங்கோடுகள் விழுங்குகின்றன. வெள்ளை இடைவெளிகள் திருப்பி அனுப்புகின்றன. இந்த ஏற்ற இறக்கம் மின்துடிப்புகளாகி, 13 இலக்க எண்ணாகிறது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் டிராய் நகரக் கடையொன்றில் இத்தகைய கோடுகளுடன் முதலில் விற்பனையானது ஒரு சூயிங்கம் பொட்டலம்.

இனி, அந்த எண் கணிப்பொறிக்குள் எப்படி நுழைகிறது? யு.எஸ்.பி. கம்பியில் இணைக்கும் இக்கருவிகளில் பெரும்பாலானவை, ‘நான் ஒரு விசைப்பலகை’ என்றே தம்மை அறிமுகம் செய்துகொள்கின்றன! லினக்ஸ் இயக்க முறைமையும் அதை அப்படியே ஏற்கிறது. யாரோ 13 எண்களை வேகமாகத் தட்டி, இறுதியில் ‘என்டர்’ விசையை அழுத்தியது போலத்தான் அதற்குத் தெரியும். தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை என்பது இதிலுள்ள வசதி.

ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. திரையில் சுட்டி ‘எத்தனை பொட்டலம்’ என்ற கட்டத்தில் நிற்கும்போது கருவியை அழுத்திவிட்டால்? 8901234567890 என்ற எண் அங்கே போய் விழும். எட்டு இலட்சம் கோடிக்கு மேற்பட்ட பொட்டலங்களுக்குப் பில் தயாராகும்!

இதைத் தடுக்க லினக்ஸில் வழி இருக்கிறது. இணைக்கப்பட்ட ஒவ்வொரு விசைப்பலகையும் ‘டெவ்’ அடைவிலுள்ள ‘இன்புட்’ என்னும் உள்ளடைவில் ஒரு கோப்பாக நிற்கிறது. நம் நிரல் கருவிக்குரிய கோப்பை மட்டும் திறந்து, ‘இது எனக்கே’ என்று பிடித்துக்கொள்ளலாம். பிறகு எண்கள் வேறெங்கும் சிதறா.

அக்கோப்பில் எழுத்துகள் வருவதில்லை. விசைகளின் எண்களே வரும். 1-க்கு 2, 2-க்கு 3, 9-க்கு 10, 0-க்கு 11, என்டருக்கு 28. விசையை அழுத்தியதற்கு ஒரு செய்தி, விட்டதற்கு ஒரு செய்தி. அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். 28 வந்ததும் எண் முடிந்தது.

சாதாரணப் பயனர் இக்கோப்புகளைத் திறக்க லினக்ஸ் எளிதில் அனுமதிக்காது. ஏன் தெரியுமா? விசைப்பலகையை ஒட்டுக்கேட்கும் நிரல் உங்கள் கடவுச்சொல்லையும் படித்துவிடுமல்லவா? எனவே கருவியின் கோப்புக்கு மட்டும் அனுமதி தருவதே நல்லது.

வந்த எண் சரிதானா? ஒற்றைப்படை இடங்களைக் கூட்டுங்கள். இரட்டைப்படை இடங்களின் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்கிச் சேருங்கள். 13 இலக்கங்களையும் சேர்த்தபின் விடை பத்தின் மடங்காக வரவேண்டும். மேலே சொன்ன எண்ணுக்கு 28 + 102 = 130. சரிதானே? உங்கள் வீட்டுச் சோப்பு உறையிலுள்ள எண்ணையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்!