சாரதியின் சுகமும் நமது முதலீடே

ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடியதும் லொறிக்கு ஒயில் மாற்ற வேண்டும் என்பது நமக்கு மனப்பாடம். டயர் தேய்ந்தால் உடனே கவனிக்கிறோம். அந்த லொறியை ஓட்டுகின்ற மனிதனின் உடம்புக்கு எப்போது ‘சேர்விஸ்’ என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

வன்னியில் வியாபாரம் செய்வோருக்கு ஏ-9 பாதையே உயிர்நாடி. புறக்கோட்டையிலிருந்து பலசரக்கும், தம்புள்ளையிலிருந்து மரக்கறியும் இப்பாதையால்தான் வவுனியா, கிளிநொச்சிக்கு வருகின்றன. முல்லைத்தீவுக்கு மாங்குளத்திலோ பரந்தனிலோ திரும்ப வேண்டும். 2002 இல் பாதை திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்படும்வரை, ஓமந்தையிலும் முகமாலையிலும் லொறிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்க மாட்டோம். அது பெருந்தொல்லை. ஆனால் அந்த வரிசையில் சாரதி கால் நீட்டினார், கண் அயர்ந்தார். 2009 இல் பாதை மறுபடியும் திறந்தது. பின்னர் ஓமந்தைச் சோதனைச் சாவடியும் அகன்றது. பாதையும் காப்பெற்றாகிவிட்டது. இன்று லொறியை நிறுத்த ஆளில்லை. ஆகவே நிற்பதற்கு நாமே ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கிறது.

நித்திரையும் போதையும்

நமது சமூகத்துச் சாரதிகளில் பலர் மதுவைத் தொடுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட எல்லையே இதுதான். சுபஹுக்கு எழும்பி, பகல் முழுக்கப் புறக்கோட்டையில் சாமான் ஏற்றி, மஃரிபுக்குப் பின் புறப்படுகின்ற சாரதி இரவு பத்து மணிக்கே அந்த நிலையை அடைகிறார். வவுனியா வர நள்ளிரவு தாண்டும். அதற்குப் பிறகு வருகின்ற இரண்டு மணி முதல் ஆறு மணி வரையான நேரமே உடம்பு நித்திரையை மிக வலுவாகக் கேட்கும் நேரம். பகலில் இரண்டு முதல் நான்கு வரையும் ஒரு சோர்வு உண்டு.

வெற்றிலை போடுவதும், ரேடியோவைக் கூட்டுவதும், கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதும் நித்திரையைச் சில நிமிடம் தள்ளிவைக்குமே தவிர தீர்க்காது. லொறியை ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்குவதே மருந்து. ஐரோப்பிய நாடுகளில் பார ஊர்திச் சாரதி நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தேயாக வேண்டும் என்பது சட்டம். நமக்கு அதைவிட இலகுவான வழி உண்டு. லுஹருக்கும் அஸருக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். தொழுகை நேரத்தில் பாதையோரப் பள்ளியில் நிறுத்தி, வுழூச் செய்து, தொழுது, தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஓய்வும் ஆயிற்று, கடமையும் ஆயிற்று.

தண்ணீரும் சாப்பாடும்

அடிக்கடி இறங்க வேண்டிவரும் என்று பல சாரதிகள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். வன்னி வெயிலும் இயந்திரச் சூடும் சேர்ந்தால் உடம்பு வற்றிவிடும். தலையிடி, கவனக் குறைவு, சிறுநீர்க் கல் எல்லாம் இதன் பிள்ளைகள். மதவாச்சி, வவுனியா பக்கங்கள் சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட பிரதேசங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அந்நோயின் காரணம் முழுமையாக நிறுவப்படவில்லை. வெயிலில் உடல் வற்றுவதும் சந்தேகிக்கப்படும் காரணங்களில் ஒன்று. எனவே லொறியில் சுத்தமான தண்ணீர் இரண்டு மூன்று போத்தல் எப்போதும் இருக்கட்டும். சோடா தண்ணீருக்கு ஈடாகாது. நமது நாட்டில் 2016 முதல் சோடாப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் நிற அடையாளம் உண்டு. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

இரவு கொத்துரொட்டியை வயிறு முட்டச் சாப்பிட்டால் அடுத்த மணித்தியாலத்தில் கண் சொருகும். பாதி அளவு போதும். வழியில் பசித்தால் றோல்ஸை விட முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நின்று வாங்குகின்ற கச்சானும், இரண்டு வாழைப்பழமும் மேல். பிளேன்டீயில் சீனியைக் கரண்டி கரண்டியாய்க் குறைத்துக்கொண்டே வரலாம். பாக்கு, புகையிலையோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும், வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது உறுதியான விடயம்.

உட்கார்ந்தே இருப்பதன் விலை

1953 இல் வெளியான ஓர் ஆய்வு, லண்டன் மாடி பஸ்களின் சாரதிகளையும் நடத்துனர்களையும் ஒப்பிட்டது. நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துனர்களைவிட, உட்கார்ந்தே இருந்த சாரதிகளுக்கே இதய நோய் அதிகம். நமது சாரதிகளுக்கும் இது பொருந்தும். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் நடக்கட்டும். ஐந்து மணித்தியாலம் ஓட்டி வந்தவர் இறங்கிய கையோடு 50 கிலோ மூட்டையைத் தூக்கினால் முதுகு பிடிக்கும். முதலில் நடந்து, பிறகு தூக்க வேண்டும். பின் பொக்கெற்றில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டு உட்காருவதும் இடுப்பு வலிக்குக் காரணம்.

சீனி வியாதியும் பிரஷரும் சொல்லாமல் வருபவை. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகப் பார்க்கலாம். பார ஊர்தி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது எடுக்கும் மருத்துவச் சான்றிதழை மட்டும் நம்பியிராமல், வருடம் ஒருமுறை சாரதியைச் சம்பளத்தோடு அனுப்புங்கள். சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர் ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் பேச வேண்டும். பிரயாணிக்கும் நோயாளிக்கும் மார்க்கம் தந்த சலுகை இத்தகையோருக்கே.

முதலாளியின் பங்கு

இவ்வளவும் சாரதி கையில் மட்டும் இல்லை. நடைக்குக் காசு என்று பேசினால் “இன்னொரு நடை போறன் முதலாளி” என்று அவர் தானாகவே கேட்பார்; வீட்டில் தேவை இருக்கிறது. நாளுக்கு ஒரு நிலையான சம்பளமும், நடைக்கு அதன்மேல் சிறு தொகையும் என்று வைத்தால் அந்த அவசரம் குறையும். சாமான் ஏற்றுவதை வேறு ஆட்களிடம் விட்டு, சாரதியைப் பகலில் தூங்கவிடுங்கள். கிளிநொச்சியில் காலை எட்டு மணிக்கு இறக்க வேண்டுமானால் இரண்டாவது சாரதியை அனுப்புங்கள், அல்லது வவுனியாவில் படுக்க ஓரிடம் ஒழுங்கு செய்யுங்கள். கடை கடையாகப் பட்டா லொறியில் விநியோகம் செய்பவருக்கும் பகல் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் எழுதி வையுங்கள். “எங்க நிக்கிறீங்க?” என்று ஓடும்போது போன் எடுக்காதீர்கள்.

ஒரு விபத்தில் லொறி கராஜில் கிடந்தாலும் லீசிங் தவணை நிற்காது. சாமான் நட்டம், வழக்கு, போன வாடிக்கையாளர் என்று கூட்டிப் பாருங்கள். இருபது நிமிட நித்திரை அதற்கெல்லாம் மலிவு. போன உயிருக்கோ கணக்கே இல்லை. சாமான் நம்மிடம் அமானிதம் என்றால், அதைக் கொண்டுவருகின்றவரின் உயிரும் அமானிதமே. அல்லாஹ் அனைவரின் பிரயாணத்தையும் பாதுகாப்பானாக.